காசு குடுத்து வாங்கின லாரி, மூணே மூணு டவுன்லோடு

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்கல. தேர்வு, லேப் அறிக்கை, சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டிப்போற இந்த ஊர்க் குளிர்னு மூணும் சேர்ந்து ஆளை அமுக்கிடுச்சு. 'இருக்கியா, இல்ல ஊருக்கே மூட்டை கட்டிட்டியா'ன்னு மடல் போட்டுக் கேட்ட ரெண்டு நல்ல உள்ளங்களுக்கு நன்றி. இருக்கேன். ஜெர்மனியிலதான் இருக்கேன். மாசம் 992 யூரோவுல குடித்தனம் நடத்திக்கிட்டு நல்லாத்தான் இருக்கேன்.

(அது என்ன 992ன்னு கேக்கறவங்களுக்கு: நான் வந்தப்போ, இங்க படிக்க வர்றவங்க வருஷத்துக்கு 11,904 யூரோவை ஒரு முடக்கக் கணக்குல முன்கூட்டியே போட்டுக் காட்டணும். அதுல மாசாமாசம் பன்னெண்டுல ஒரு பங்கைத்தான் எடுக்க முடியும். நம்ம காசு, நம்ம பேர்ல கணக்கு, ஆனா எடுக்கறதுக்கு அளவு. இதை ஒரு ஓரமா ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.)

இன்னைக்கு மேட்டர் வீடியோ கேம். 'அய்யய்யோ, எனக்கும் கேமுக்கும் ஆகாது'ன்னு ஓடிடாதீங்க. காசு குடுத்து வாங்கின பொருளை எத்தனை தடவை எடுத்துக்கலாம்னு கடைக்காரன் எண்ணிக்கிட்டு உக்காந்திருந்தா எப்படி இருக்கும்ங்கிறதுதான் கதை. பாட்டு வாங்கறவங்க, மின்புத்தகம் வாங்கறவங்க, சாஃப்ட்வேர் வாங்கறவங்க எல்லாருக்கும் இது என்னைக்காவது ஒருநாள் வரும்.

முதல்ல கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கறேன்.

கேம் எல்லாம் டப்பாவுல வித்த காலத்துல கணக்கு சுலபம். டப்பாவை வாங்கினோமா, உள்ள வட்டு இருக்கா, அது கீறல் விழுற வரைக்கும் நம்முது. நண்பனுக்குக் குடுக்கலாம், பாதி விலைக்கு விக்கலாம், பரண்ல போட்டு பத்து வருஷம் கழிச்சு எடுக்கலாம். 2000-களின் நடுவுல இணையம் வழியா நேரடியா இறக்கிக்கிற பழக்கம் வந்தப்போ கடைக்காரங்களுக்கு ஒரு புதுச் செலவு வந்துச்சு. டப்பாவை ஒரு தடவை குடுத்தாப் போதும். கோப்பை எத்தனை தடவை குடுக்கறது? அப்போ சர்வர்ல இருந்து டேட்டா அனுப்பறது இன்னைக்கு இருக்கற அளவு மலிவில்ல. அதனால 'வாங்கின நாள்ல இருந்து இத்தனை மாசம் வரைக்கும்தான் மறுபடி இறக்கிக்கலாம், அதுக்கு மேல வேணும்னா தனிக்காசு'ன்னு ஆரம்பிச்சாங்க.

இதுல பேர் வாங்கினது டிஜிட்டல் ரிவர்ங்கிற அமெரிக்கக் கம்பெனி. நிறைய கேம், சாஃப்ட்வேர் கம்பெனிகளோட இணையக் கடைகளைப் பின்னாடி இருந்து நடத்தினது இவங்கதான். கூடையில ஒரு பொருளைப் போட்டீங்கன்னா கூடவே 'நீட்டிக்கப்பட்ட டவுன்லோடு சேவை'ன்னு இன்னொரு வரி தானா வந்து உக்காந்துக்கும். சில டாலர்தான். வேண்டாம்னா நாமதான் தேடிப்பிடிச்சு எடுக்கணும். கவனிக்காதவங்க காசு கட்டிட்டுப் போயிட்டே இருப்பாங்க. அந்தக் கம்பெனியே 2025 ஆரம்பத்துல கடையை மூடிருச்சு. கோப்பைப் பத்திரமா வச்சிருக்கறதுக்குன்னு கட்டணம் வாங்கினவங்களுக்கே ஆயுசு அவ்வளவுதான்!

அதே காலத்துல இன்னொரு வகை எண்ணிக்கையும் வந்துச்சு. இது டவுன்லோடுல இல்ல, நிறுவறதுல. 2007-ல பயோஷாக் வந்தப்போ ரெண்டே கணினியிலதான் செயல்படுத்த முடியும்னு வச்சாங்க. ஜனங்க சத்தம் போட்டதும் அஞ்சாக்கினாங்க. 2008 செப்டம்பர்ல ஸ்போர் வந்துச்சு. அதுல மூணு. அமேசான் தளத்துல ஆயிரக்கணக்கான பேர் ஒத்தை நட்சத்திரம் போட்டுக் கிழிச்சுத் தொங்கவிட்டாங்க. அதுவும் அஞ்சாச்சு. இதுல கவனிக்க வேண்டிய விஷயம் என்னன்னா, மூணு எப்படி அஞ்சாகும்? தொழில்நுட்பக் காரணம் ஒண்ணு உண்மையிலேயே இருந்திருந்தா சத்தத்துக்குப் பயந்து அது மாறியிருக்காதே. யாரோ ஒரு அறையில உக்காந்து மனசுக்குத் தோணின எண்ணைப் போட்டிருக்காங்க, அவ்வளவுதான்.

சரி, இதெல்லாம் பழங்கதை, இப்பதான் எல்லாக் கடையிலயும் எத்தனை தடவை வேணும்னாலும் இறக்கிக்கலாமேன்னு கேப்பீங்க. பெரிய கடைகள்ல ஆமா. சின்னக் கடைகள்ல இன்னும் இந்தப் பேய் உலாத்திக்கிட்டுத்தான் இருக்கு. எங்க வீட்டுக்கே வந்துச்சு.

எங்க ஊர் சங்ககிரி பக்கம். அந்தப் பக்கம் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, வீட்டுக்கு ஒரு லாரி இல்லாட்டியும் தெருவுக்குப் பத்து லாரி இருக்கற ஊர். எங்கப்பா 26 வருஷம் நேஷனல் பெர்மிட் வண்டி ஓட்டினவர். அப்பாவை நான் சின்ன வயசுல பாத்தது மாசத்துக்கு ஆறு ஏழு நாள் இருந்தா அதிகம். மூணு வருஷத்துக்கு முன்னாடி சர்க்கரையால கண்ணுல பிரச்சினை வந்து, 'ராத்திரி ஓட்டக்கூடாது'ன்னு டாக்டர் சொல்லிட்டார். ராத்திரி ஓட்டாத லாரிக்காரர்னு ஒரு வகையே கிடையாது. வண்டியை வித்தாச்சு. அதுக்கப்புறம் மனுஷன் பேச்சே குறைஞ்சு போச்சு. நான் இங்க இருந்து வீடியோவுல கூப்பிட்டாக்கூட 'சாப்டியா கண்ணு, குளிருதா'ன்னு ரெண்டு கேள்வி, அப்புறம் அம்மா கையில போன் போயிரும்.

ஒருநாள் நான் பஸ்ல போறப்போ ஜன்னலுக்கு வெளிய இருந்த நெடுஞ்சாலையைக் காட்டினேன். அப்பா நாற்காலிய முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்துட்டார். 'அந்த வண்டிக்கு எத்தனை ஆக்சில்? டோலு எங்க? ரோட்டோரம் நிறுத்த எடம் இருக்குதா? வண்டிய விட்டு எறங்கித் தூங்க விடுவானா?' முக்கால் மணி நேரம். என்கிட்ட அப்பா அவ்வளவு நேரம் பேசினது அதுதான் முதல் தடவை.

தம்பிதான் ஐடியா குடுத்தான். 'அண்ணா, ஐரோப்பா ரோட்டுல லாரி ஓட்டற கேம் ஒண்ணு இருக்கு. ஸ்டியரிங்க நான் ஈரோட்டுல பழசு ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். கேம மட்டும் நீ வாங்கிக் குடு.' அப்பா பொறந்தநாளுக்கு இன்னும் அஞ்சு வாரம் இருந்துச்சு. சரின்னு ஒரு சின்ன இணையக் கடையில பாத்தேன். பேர் வேண்டாம். 14.99 யூரோ. கணக்கு, கடவுச்சொல், தனிச் செயலின்னு எதுவும் வேண்டாம், சுட்டியை மடல்ல அனுப்புவாங்க, இறக்கி நிறுவிக்கலாம்னு போட்டிருந்துச்சு. தம்பியோட லேப்டாப் பழசு, இணைப்பும் சுமார், அதனால எப்பவும் இணையத்துல இருக்கணும்னு கேக்காத கடைதான் வேணும்னு தேடித்தான் இதைப் பிடிச்சேன்.

காசு கட்டற பக்கத்துல 14.99 எப்படியோ 21.08 ஆகியிருந்துச்சு. என்னடான்னு பாத்தா, கேம் 14.99, 'டவுன்லோடு உத்தரவாதம், 2 வருஷம்' 4.90, 'கையாளும் கட்டணம்' 1.19. அந்த உத்தரவாதத்துக்குப் பக்கத்துல இருந்த கட்டத்துல ஏற்கனவே டிக் போட்டு வச்சிருந்தாங்க. நாங்கதான் ஹோட்டல் பில்லுல சர்வீஸ் சார்ஜை மொத ஆளாப் பாக்கற பரம்பரையாச்சே. டிக்கை எடுத்தேன். 1.19-ஐ எடுக்க முடியல. 16.18 கட்டி சுட்டியைத் தம்பிக்கு அனுப்பினேன்.

இப்ப ஊர் நிலவரம். கோப்பு 20 ஜிபி. வீட்டுல கேபிள்காரர் குடுத்த இணைப்பு. பேருக்கு 30 எம்பிபிஎஸ், சாயங்காலம் ஆனா 5 வந்தாப் பெரிசு. அந்த வேகத்துல 20 ஜிபி இறங்க கிட்டத்தட்ட 9 மணி நேரம். முதல் நாள் ராத்திரி 12 ஜிபி வந்தப்போ கரண்ட் போயிருச்சு. லேப்டாப்புக்கு பேட்டரி இருக்கு, மோடத்துக்கு இல்லையே. மறுபடி அமுக்கினா முதல்ல இருந்து ஆரம்பிக்குது. ரெண்டாம் நாள் கேபிள் எங்கயோ அறுந்து போச்சு, 17 ஜிபியில நின்னுச்சு. மூணாம் நாள் முழுசா இறங்கிச்சு, நிறுவறப்போ 'கோப்பு பழுது'ன்னு வந்துச்சு. நாலாவது தடவை அமுக்கினான். 'உங்கள் டவுன்லோடு எண்ணிக்கை முடிந்துவிட்டது. உத்தரவாதம் வாங்கியிருந்தால் தொடர்ந்து பெறலாம்.'

ஆக, ஒரு தடவைகூட கேம் ஓடல. ஆனா கடைக் கணக்குப்படி எங்க வீட்டுக்கு மூணு கேம் டெலிவரி ஆயிருச்சு!

தம்பி போன்ல சொல்றப்போ பின்னாடி அப்பா குரல் கேட்டுச்சு. 'ஏஞ்சாமி, காசு குடுத்து வாங்கினதுதானே? அப்புறம் என்னத்துக்கு அவங்கிட்டப் போயி கேக்கோணும்?' பொறந்தநாள் ஆச்சரியம் எல்லாம் முதல் நாளே உடைஞ்சு போயிருச்சு, மூணு நாளா அவரும் லேப்டாப் முன்னாடி உக்காந்து அந்த பச்சைப் பட்டையைத்தான் பாத்துக்கிட்டு இருந்திருக்கார். சரக்கு இறக்கறதுக்கு வரிசையில நிக்கிற மாதிரி.

நான் படிக்கறது கணினி வலையமைப்பு சம்பந்தமான பாடம். அதனால எனக்குக் கோபம் கொஞ்சம் அதிகமாவே வந்துச்சு. காரணம் சொல்றேன்.

பாதியில நின்ன டவுன்லோடை விட்ட இடத்துல இருந்து தொடர்ற வசதி ஒண்ணும் ராக்கெட் விஞ்ஞானம் இல்ல. எச்டிடிபி 1.1-ல 1990-கள்லயே வந்துடுச்சு. நம்ம உலாவி 'எனக்கு 12 ஜிபி வரைக்கும் வந்துடுச்சு, அதுக்கு மேல இருக்கறதை மட்டும் குடு'ன்னு கேக்கும். சர்வர் 206ங்கிற எண்ணோட மிச்சத்தை மட்டும் அனுப்பும். அதே மாதிரி, ஒரு கோப்பு முழுசா போய்ச் சேர்ந்துச்சா இல்லையான்னு சர்வருக்கு ஓரளவு தெரியும், எத்தனை பைட் அனுப்பினோம்னு அதுகிட்ட பதிவு இருக்கு. இந்தக் கடை ரெண்டையும் பண்ணல. சுட்டியை அமுக்கின உடனே ஒண்ணுன்னு எண்ணிக்கிட்டாங்க. வந்து சேர்ந்துச்சா, உடைஞ்சு போச்சான்னு பாக்கவே இல்ல. கொரியர்காரர் வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு பார்சலைத் திருப்பி எடுத்துட்டுப் போயிட்டு, 'டெலிவரி பண்ணியாச்சு'ன்னு எழுதிக்கிட்ட மாதிரி.

இப்ப கடைக்காரன் பக்கமும் கொஞ்சம் நியாயமாப் பாக்கணும். டேட்டா அனுப்பறதுக்கு நிஜமாவே செலவு இருக்கு. இந்த மாதிரி கோப்பு விநியோகம் பண்ற பெரிய கம்பெனி ஒண்ணோட பட்டியல் விலை ஐரோப்பாவுக்கு ஜிபிக்கு 8.5 சென்ட் அளவுல நான் பாத்திருக்கேன். 20 ஜிபின்னா 1.70 டாலர். இந்தியாவுக்கு அனுப்ப இன்னும் கொஞ்சம் கூட. மூணு தடவைன்னா அஞ்சு டாலரைத் தாண்டும். 15 யூரோ கேமுல கடைக்குக் கிடைக்கிற பங்கே நாலஞ்சு யூரோதான்னு வச்சுக்கங்க, எங்க வீட்டு வியாபாரத்துல அவங்களுக்கு நஷ்டமாக்கூட இருக்கலாம். பெருசா வாங்கறவங்களுக்கு விலை இதைவிட ரொம்பக் குறையும்ங்கிறது வேற விஷயம். ஆகவே சின்னக் கடை எண்ணிக்கை வைக்கறதை மொத்தமா அயோக்கியத்தனம்னு நான் சொல்ல மாட்டேன்.

ஆனா செலவுதான் கவலைன்னா முதல்ல என்ன செய்யணும்? விட்ட இடத்துல இருந்து தொடர வைக்கணும். எங்க வீட்டுல உடைஞ்ச 12-உம் 17-உம் சேர்த்து 29 ஜிபி வீணாப் போச்சு. தொடர வச்சிருந்தா முதல் தடவையிலயே 20-உடன் முடிஞ்சிருக்கும். அதைச் செய்யாம உத்தரவாதம்னு 4.90-க்கு ஒரு பொருளை விக்கிறாங்கன்னா, செலவைக் குறைக்கறது நோக்கமில்ல. உடைஞ்சு போறதே இங்க சரக்கு. அதுவும் யார் வீட்டுல உடையும்? நல்ல இணைப்பு இருக்கறவனுக்கு மூணு தடவைங்கிறது தாராளம். என் அறைத்தோழன் இருபது நிமிஷத்துல இறக்கிடுவான், அவனுக்கு இப்படி ஒரு எண்ணிக்கை இருக்கறதே தெரியாது. கரண்ட் போற ஊர்ல, கேபிள் அறுற தெருவுல இருக்கறவன்தான் மாட்டுவான். மெதுவான இணைப்பு வச்சிருக்கறவன்கிட்ட மட்டும் வாங்கற வரி இது. ஐநூறு ரூபாய் வரி.

கடைக்கு மடல் போட்டேன். முதல் பதில் தானியங்கி. ரெண்டாவது பதில், 'விதிமுறைகளில் குறிப்பிட்டுள்ளோம்'. போய்ப் பாத்தேன். உண்மைதான், அடிக்கடி கேக்கப்படற கேள்விகள் பக்கத்துல பதினாலாவது கேள்விக்குப் பதில்ல இருந்துச்சு. வாங்கற பக்கத்துல இல்ல, காசு கட்டற பக்கத்துல இல்ல, மடல்லயும் இல்ல. அப்பதான் சட்டம் என்ன சொல்லுதுன்னு நூலகத்துல உக்காந்து ஒரு சாயங்காலம் படிச்சேன். உங்களுக்கும் உதவும், அதனால எழுதறேன்.

ஐரோப்பிய ஒன்றியத்துல 2011-ல வந்த நுகர்வோர் உரிமை ஆணை 2014 ஜூன் 13-ல இருந்து நடைமுறையில இருக்கு. அதோட 22-வது பிரிவு, முக்கியப் பொருளோட விலைக்கு மேல எந்தக் கூடுதல் கட்டணத்துக்கும் வாங்கறவர் வெளிப்படையாச் சம்மதிக்கணும்னு சொல்லுது. முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் சம்மதமாகாது. அப்படி வாங்கின காசைத் திருப்பிக் கேக்கலாம். ஜெர்மன் சிவில் சட்டத்துல இதே விஷயம் 312ஏ பிரிவுல இருக்கு, அப்படி முன்னாடியே டிக் போட்டு வாங்கினது ஒப்பந்தத்துலயே சேராதுன்னு. இதுபோக, வாங்கறதுக்கு முன்னாடி பொருளோட முக்கிய அம்சங்களைத் தெளிவாச் சொல்லணும்ங்கிற கடமையும் விக்கறவங்களுக்கு இருக்கு. கார்டுல கட்டறதுக்குன்னு தனிக்கட்டணம் வாங்கறது இங்க 2018 ஜனவரி 13-ல இருந்து தடை.

'நம்ம ஊர்ல?'ன்னு கேக்கறவங்களுக்கு. இந்தியாவுல 2023 நவம்பர் 30-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணையக் கடைகளோட ஏமாத்து வேலைகளைப் பத்தி வழிகாட்டு நெறிகள் வெளியிட்டுச்சு. 13 வகை பட்டியல் போட்டிருக்காங்க. அதுல ஒண்ணு 'பாஸ்கெட் ஸ்னீக்கிங்', அதாவது நமக்குத் தெரியாம கூடையில பொருளைத் திணிக்கறது. டிக்கெட் எடுக்கறப்போ காப்பீடு, நன்கொடைன்னு தானா சேருதே, அது இந்தக் கணக்குலதான் வரும். பாத்தா விடாதீங்க, தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு 1915-ல கூப்பிட்டுச் சொல்லலாம்.

மூணாவது மடல்ல சட்டப் பிரிவு எண்களோட, தம்பி எடுத்த ஸ்கிரீன்ஷாட் மூணையும் போட்டு, மாநில நுகர்வோர் ஆலோசனை மையத்துக்கும் எழுதப்போறேன்னு மரியாதையா முடிச்சேன். ரெண்டு நாள்ல பதில். 'நல்லெண்ண அடிப்படையில் உங்கள் சுட்டியை ஒருமுறை மட்டும் புதுப்பித்துள்ளோம்.' அந்த 'ஒருமுறை மட்டும்'ங்கிறதைத் தடிச்ச எழுத்துல போட்டிருந்தாங்க.

தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு பஸ் ஏறி சேலத்துல மாமா வீட்டுக்குப் போயிட்டான். அங்க ஃபைபர். ராத்திரி ஒரு மணிக்கு இறங்கி முடிஞ்சுது. அங்கயே நிறுவிப் பாத்துட்டு, கோப்பை மாமாவோட ஹார்ட் டிஸ்க்ல ஒண்ணு, பென்டிரைவ்ல ஒண்ணுன்னு ரெண்டு படி எடுத்துக்கிட்டு வந்தான். பொறந்தநாளுக்கு நாலு நாள் முன்னாடி அப்பா பெர்லின்ல இருந்து வண்டியை எடுத்துட்டார். இப்ப தினம் சாயங்காலம் ஒரு மணி நேரம். கண்ணாடியைப் போட்டுக்கிட்டு, திரைக்குப் பக்கத்துல உக்காந்து, பகல் ஓட்டம் மட்டும். கேமுலயும் ராத்திரி ஓட்ட மாட்டேங்கிறார். டாக்டர் சொன்னா சொன்னதுதானாம்.

இதுல எனக்கு உறுத்தறது அந்த 'நல்லெண்ணம்'ங்கிற வார்த்தைதான். 16.18 யூரோ கட்டினவனுக்குச் சேர வேண்டிய பொருளை, பிச்சை போட்ட மாதிரி குடுக்கறாங்க. எனக்கு ஜெர்மனியில இருக்கற வசதியால சட்டப் பிரிவு தேடி எழுத முடிஞ்சுது. தம்பி நேரடியா வாங்கியிருந்தா? ரெண்டாவது மடலோட விட்டிருப்பான்.

சரி, எண்ணிக்கையே இல்லாத பெரிய கடையில வாங்கினா நிம்மதியான்னா, அதுவும் பாதி நிம்மதிதான். சில உதாரணம்.

2014 ஆகஸ்ட்ல பி.டி.ன்னு ஒரு திகில் கேமோட முன்னோட்டம் பிளேஸ்டேஷன் 4-க்கு இலவசமா வந்துச்சு. 2015 ஏப்ரல் கடைசியில கடையில இருந்து எடுத்தாங்க. ஏற்கனவே எடுத்தவங்களும் அழிச்சிட்டா திரும்ப இறக்க முடியாதுன்னு ஆச்சு. அது இருக்கற பழைய கருவிக்காகவே இணையத்துல கூடுதல் விலை சொல்ல ஆரம்பிச்சாங்க. 2024 மார்ச் 31-ல தி க்ரூங்கிற கார் பந்தய கேமோட சர்வர்களை யூபிசாஃப்ட் நிறுத்தினப்போ, காசு குடுத்து வாங்கினவங்களாலயும் தனியாக்கூட ஆட முடியாமப் போச்சு. அந்தக் கோபத்துலதான் 'ஸ்டாப் கில்லிங் கேம்ஸ்'ங்கிற இயக்கம் ஆரம்பிச்சு, ஐரோப்பிய ஒன்றியத்துல 2025 ஜூலையில 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டிச்சு. நிண்டெண்டோ தன்னோட வீ கருவிக்கான கடையை 2019 ஜனவரியில மூடிச்சு, 3டிஎஸ், வீ யூ கடைகள்ல விற்பனையை 2023 மார்ச்ல நிறுத்திச்சு. ஸ்டீம் கடையில 2024 அக்டோபர்ல இருந்து காசு கட்டற இடத்துலயே, நீங்க வாங்கறது உரிமம்தான்னு ஒரு வரி போடறாங்க. 2025 ஜனவரி 1-ல அமலுக்கு வந்த கலிஃபோர்னியா சட்டம்தான் காரணம். 'வாங்கு'ன்னு பொத்தான்ல போடணும்னா, குடுக்கறது உரிமம் மட்டும்தான்னு தெளிவாச் சொல்லணும்னு அந்தச் சட்டம். நிரந்தரமா இறக்கி, இணையம் இல்லாமலே வச்சுக்க முடியற பொருளுக்கு மட்டும் அதுல விலக்கு உண்டு.

அந்த விலக்கைக் கவனிங்க. நம்ம கையில நிரந்தரமா நிக்கிற கோப்பு ஒரு வகை, அவங்க கதவைத் திறந்தா மட்டும் கிடைக்கிற கோப்பு இன்னொரு வகைன்னு சட்டமே பிரிச்சுச் சொல்லிடுச்சு. எங்கப்பாவோட லாரி முதல் வகை. அதான் அந்த பென்டிரைவுக்கு எங்க வீட்டுல மஞ்சப்பை போட்டு பீரோவுல இடம் குடுத்திருக்காங்க. இந்தக் கடை கையாளும் கட்டணம் வாங்கினாலும், எண்ணிக்கை வச்சாலும், பூட்டு இல்லாத கோப்பைக் குடுத்துச்சு. அந்த ஒரு விஷயத்துக்காக அவங்களை முழுசாத் திட்ட எனக்கு மனசு வரல. பெரிய கடைகள்ல எண்ணிக்கை இல்ல, ஆனா பெரும்பாலான கோப்புக்குச் சாவி அவங்க கையில. ஜிஓஜி மாதிரி ரெண்டும் இல்லாத கடைகளும் 2008-ல இருந்து இருக்கத்தான் செய்யுது. நிறுவற கோப்பை இறக்கி நாமே வச்சுக்கலாம். ஆக, செய்ய முடியாத விஷயம் இல்ல.

என் முடக்கக் கணக்கை ஞாபகம் வச்சிருக்கச் சொன்னேன்ல? அதுல அளவு வச்சதுக்குக் காரணம் சொன்னாங்க, வர்றதுக்கு முன்னாடியே சொன்னாங்க, எழுத்துல சொன்னாங்க. கடுப்பா இருந்தாலும் ஒத்துக்கிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். கேம் கடைக்காரங்ககிட்ட நான் கேக்கறதும் அவ்வளவுதான். அளவு வைக்கறதா இருந்தா விலைக்குப் பக்கத்துல, அதே பெரிய எழுத்துல போடு. உடைஞ்சதை எண்ணாதே.

இனி வாங்கறவங்களுக்கு, பட்ட அனுபவத்துல ஒரு சின்னப் பட்டியல்:

1. காசு கட்டற பக்கத்துல மொத்தத்தைப் பாத்து, முதல்ல பாத்த விலையோட கழிச்சுப் பாருங்க. வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்கும் காரணம் தேடுங்க.

2. 'உத்தரவாதம்', 'பாதுகாப்பு', 'நீட்டிப்பு'ன்னு வர்ற எதுவும் உங்க கைக்கு வர வேண்டிய பொருளையே உங்களுக்கு ரெண்டாவது தடவை விக்கிறதா இருக்கலாம்.

3. வாங்கறதுக்கு முன்னாடியே கடையோட உதவிப் பக்கத்துல 'எத்தனை தடவை', 'எத்தனை நாள்'னு தேடுங்க. இல்லாட்டி மடல் போட்டுக் கேளுங்க. வர்ற பதிலைப் பத்திரமா வைங்க.

4. ஊர்ல இருக்கறவங்களுக்கு வாங்கறதா இருந்தா, நீங்க நல்ல இணைப்பு இருக்கற இடத்துல முதல் படியை இறக்கி வச்சுக்க முடியுமான்னு விதிமுறையைப் பாருங்க.

5. இறக்கின உடனே நிறுவற கோப்பை ரெண்டு இடத்துல வைங்க. சேவ் கோப்பையும் சேர்த்து. அப்பா இப்ப போலந்து வரைக்கும் போயிட்டார், அது அழிஞ்சா என்னைத்தான் கேப்பார்.

6. பிரச்சினைன்னா தேதி, நேரத்தோட ஸ்கிரீன்ஷாட். தம்பி எடுத்து வச்ச மூணு படம்தான் எங்களைக் காப்பாத்துச்சு.

உங்களுக்கும் இந்த மாதிரி கேமோ, பாட்டோ, புத்தகமோ காசு குடுத்து வாங்கி கைக்கு எட்டாமப் போன கதை இருந்தா பின்னூட்டத்துல கொட்டுங்க. மலேசியா, சிங்கப்பூர், கனடா, வளைகுடா மக்கள்ஸ், உங்க ஊர்ச் சட்டம் என்ன சொல்லுதுன்னும் சொன்னா இன்னும் நல்லது, தனிப் பதிவாவே தொகுத்துப் போட்டுடலாம்.

டிஸ்கி: 'இதுக்குப் பேசாம திருட்டு காப்பி இறக்கியிருக்கலாமே'ன்னு பின்னூட்டம் போட கை பரபரக்கறவங்களுக்கு. தம்பியும் அதையேதான் சொன்னான். அப்பா ஒத்துக்கல. 26 வருஷத்துல பில் இல்லாத சரக்கு ஏத்தினதில்லையாம். :-)